கடலடியில் கிடக்கும் வெள்ளி யாருடையது? மூன்று நாணயங்கள் எழுப்பும் கேள்வி

சந்தையில் மீன் விலை கேட்கும்போதும், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் கையில் செலவுக்குக் காசு வைக்கும்போதும் நம்மவர் வாயில் முதலில் வருவது 'வெள்ளி' என்ற சொல்தான். ரிங்கிட் என்றாலும் வெள்ளி, சிங்கப்பூர் டாலர் என்றாலும் வெள்ளி. கையில் இருப்பது காகிதம். இப்போது பல வேளைகளில் கைப்பேசியில் தெரியும் ஓர் எண். ஆனாலும் பெயர் மாறவில்லை. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் உண்மையான வெள்ளிக் காசு புழங்கியது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. நெடுங்காலம் இங்கு செல்லுபடியான அந்தக் காசு இங்கே அடிக்கப்பட்டதன்று. ஸ்பெயின் மன்னர்களின் பெயரால் மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் அடிக்கப்பட்டு, கடல் கடந்து வந்தது.

வந்து சேர்ந்தவை போக, வழியில் மூழ்கியவையும் ஏராளம். அப்படி மூழ்கியவை இப்போது மீண்டும் செய்தியாகியுள்ளன.

2025 நவம்பரில் கொலம்பியா அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 1708ஆம் ஆண்டு கரீபியன் கடலில் மூழ்கிய 'சான் ஹோசே' என்ற ஸ்பானியப் போர்க்கப்பலில் இருந்து முதன்முறையாகப் பொருள்கள் மேலே கொண்டு வரப்பட்டன என்பதே அது. எடுக்கப்பட்டவை ஒரு பீரங்கி, ஒரு பீங்கான் கோப்பை, மூன்று நாணயங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கடலோரத்தில் ஒரு தனியார் மீட்பு நிறுவனம், 1715இல் புயலில் சிக்கி மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களின் சிதைவிலிருந்து 1,000க்கும் மேற்பட்ட வெள்ளி, தங்க நாணயங்களை எடுத்ததாக அறிவித்தது. அவற்றின் மதிப்பு சுமார் 10 லட்சம் அமெரிக்க டாலர் என்றும் சொன்னது.

ஓரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் ஆயிரம். எண்ணிக்கையைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கொலம்பியாவின் மூன்று நாணயங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. புளோரிடாவின் ஆயிரத்தில் ஒரு பங்கை மாநில அரசு அருங்காட்சியகத்துக்காக எடுத்துக்கொள்ளும். அது 20 விழுக்காடு வரை இருக்கலாம். மிஞ்சியவற்றை மீட்டவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அப்படிப் பங்கிடப்படுபவை காலப்போக்கில் ஏலத்துக்கும் சேகரிப்பாளர்களின் கைக்கும் போய்ச் சேரும்.

கடலடி வெள்ளி உலகம் முழுவதும் இந்த இரண்டு வழிகளில்தான் பயணிக்கிறது. ஏலங்கள் இணையத்தில் நடப்பதால் நம் ஊரில் இருந்துகொண்டே இதில் ஈடுபட முடியும். பழைய ஸ்பானியக் காசு என்று சொல்லி விற்பவர்கள் முகநூலிலும் உண்டு, பழம்பொருள் சந்தையிலும் உண்டு. ஆகவே இது எங்கோ நடக்கும் கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

சுத்தியலால் அடித்த காசு

அமெரிக்கக் கண்டத்தின் முதல் நாணயச் சாலையை மெக்சிகோ நகரில் அமைக்க ஸ்பானிய அரசு 1535இல் ஆணையிட்டது. அடுத்த ஆண்டே அங்கு வெள்ளிக் காசு அடிக்கத் தொடங்கினார்கள். காசின் மேல் இரண்டு பெயர்கள் பொறிக்கப்பட்டன: மன்னர் கார்லோஸ், அவருடைய தாய் ஹுவானா. ஹுவானா பெயரளவில்தான் அரசி. வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு மாளிகையில் அடைபட்டுக் கழித்தவர். தாயும் மகனும் 1550களிலேயே இறந்துவிட்டனர். ஆயினும் 1572 வாக்கில் புதிய அச்சு வரும்வரை மெக்சிகோவில் அவர்கள் பெயரிலேயே காசு அடிக்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் 'கார்லோஸ் – ஹுவானா' காசு என்று குறிப்பிடுவது இதைத்தான். ஸ்பானியக் குடியேற்ற வெள்ளியில் மிகப் பழையது இதுவே.

காசின் ஒரு பக்கம் அரசச் சின்னம். மறுபக்கம் இரண்டு தூண்கள். அவற்றின் நடுவே 'இன்னும் அப்பால்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம். பழைய உலகம் முடியும் எல்லையாகக் கருதப்பட்ட ஜிப்ரால்டர் நீரிணையின் தூண்கள் அவை. தொடக்கக் காசுகளில் தூண்களின் கீழே அலைகள் இல்லை; 1542 முதல் அலைகள் சேர்க்கப்பட்டன. ஆகவே ஆண்டு பொறிக்கப்படாத காசாக இருந்தாலும், அலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே காலத்தைக் கணித்துவிடலாம். காசின் மேல் இன்னும் ஓர் எழுத்தும் இருக்கும். அது வெள்ளியின் மாற்றுப் பார்த்த அதிகாரியின் அடையாளம். நகைக்கடையில் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு வெள்ளிப் பாளத்தின் தூய்மைக்கும் அவரே பொறுப்பு. குறை இருந்தால் எந்த அதிகாரியைப் பிடிப்பது என்று அந்த எழுத்து காட்டிக் கொடுத்துவிடும்.

பின்னர் உற்பத்தி பெருகியபோது வேலைப்பாடு குறைந்தது. வெள்ளிப் பாளத்தைத் துண்டுகளாக வெட்டி, எடைக்கு ஏற்ப விளிம்பைக் கத்தரித்து, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். வட்டமாக வரவேண்டும் என்ற கவலை யாருக்கும் இல்லை. எடை சரியாக இருந்தால் போதும். ஆங்கிலத்தில் இதற்கு 'காப்' என்று பெயர். இவற்றில் பெரியது எட்டு ரெயால் காசு. எடை சுமார் 27 கிராம். கையால் அடிக்கப்பட்டதால் ஒரு காசைப்போல இன்னொன்று இருக்காது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் போலிகளை அடையாளம் காண்பது எளிதாகும்.

பொத்தோசி மலையின் பெரட்டு

இந்த வெள்ளியில் பெரும்பகுதி, இன்றைய பொலிவியாவில் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொத்தோசி மலையிலிருந்து வந்தது. அங்கு 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. 1570களில் ஸ்பானிய ஆளுநர் தொலேதோ ஒரு கட்டாய வேலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 'மித்தா' என்பது அதன் பெயர். அதற்கு உட்பட்ட மாவட்டங்களில் உள்ள பூர்வகுடி ஆண்களில் ஏழில் ஒருவர், முறைவைத்து, ஓராண்டு சுரங்க வேலைக்குப் போயாக வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் என்று கணக்கு விதிக்கப்பட்டது. பலர் குடும்பத்தோடு வாரக்கணக்கில் நடந்து பொத்தோசியை அடைந்தார்கள். திங்கட்கிழமைகளில் அவர்களை மலையடிவாரத்தில் திரட்டி, யார் எந்தச் சுரங்கத்துக்கு என்று பிரித்து அனுப்பினார்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். விடியற்காலைப் பெரட்டு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். மித்தாவும் நம் முன்னோர் வந்த ஒப்பந்தக் கூலி முறையும், கங்காணி முறையும் ஒன்றல்ல. காலம் வேறு, சட்டம் வேறு, கொடுமையின் அளவும் வேறு. ஆனால் ஒன்று பொது. உழைத்தவன் பெயர் பொருளில் இருக்காது. காசில் மன்னர் பெயர் உண்டு, மாற்றுப் பார்த்தவரின் எழுத்து உண்டு; வெட்டியெடுத்தவனுக்கு அதில் இடமில்லை. பால்மரம் சீவிய கைகளுக்கு ரப்பர் மூட்டையின் முத்திரையில் இடமில்லாததைப் போலத்தான்.

ஒரே காலம், இரண்டு கப்பல்கள்

கடலடிக் காசை விற்பதா, பாதுகாப்பதா என்ற வாதத்தை விளங்கிக்கொள்ள, ஏறத்தாழ ஒரே காலத்தைச் சேர்ந்த இரண்டு கப்பல் சிதைவுகளை ஒப்பிட்டாலே போதும்.

முதலாவது, 1554 ஏப்ரலில் புயலில் சிக்கி, இன்றைய டெக்சஸ் மாநிலத்தின் பாட்ரே தீவுக் கரையோரம் மூன்று கப்பல்கள் உடைந்த சம்பவம். மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்த அவற்றில் கார்லோஸ் – ஹுவானா வெள்ளி இருந்தது. அதே ஆண்டில் ஸ்பானியர்களே ஆள் அனுப்பி ஒரு பகுதியை மீட்டார்கள். 1967இல் ஒரு தனியார் நிறுவனம் அவற்றுள் ஒரு கப்பலைக் கண்டுபிடித்துப் பொருள்களை அள்ளத் தொடங்கியது. டெக்சஸ் அரசு நீதிமன்றம் போனது. அந்தத் தகராறின் விளைவாக 1969இல் மாநிலத்துக்கென்று தனித் தொல்பொருள் சட்டமே பிறந்தது. அடுத்து, 'சான் எஸ்தேபன்' என்ற இன்னொரு கப்பலை 1972, 1973ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர்களே முறைப்படி அகழ்ந்தார்கள். நங்கூரங்கள், பீரங்கிகள், அடிமரத்தின் ஒரு பகுதி எல்லாம் கிடைத்தன. இரும்பின்மேல் கல்லாக இறுகியிருந்த படிவத்துக்குள் கப்பலில் திரிந்த கரப்பான்பூச்சிகளின் எச்சம்கூட அகப்பட்டது. கரப்பான்பூச்சியை யாரும் ஏலத்தில் எடுக்கமாட்டார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டு மாலுமி எப்படி வாழ்ந்தான் என்பதை அது சொல்லும். அந்தப் பொருள்களை இன்று கார்ப்பஸ் கிறிஸ்டி நகர அருங்காட்சியகத்தில் எவரும் போய்ப் பார்க்கலாம்.

இரண்டாவது, 1990களில் கரீபியன் கடலின் வட பகுதியில் தனியாரால் மீட்கப்பட்ட கப்பல். அதன் உண்மையான பெயர் இன்றுவரை தெரியாது. வணிக வட்டாரத்தில் 'தங்க ஆட்டுத்தோல்' கப்பல் என்று ஒரு பெயர் வைத்து, அதிலிருந்த கார்லோஸ் – ஹுவானா காசுகளை ஏலத்தில் விற்றார்கள். அவற்றில் மெக்சிகோ நாணயச் சாலையின் முதல் எட்டு ரெயால் காசுகளும் இருந்தன. 1538ஐச் சேர்ந்தவை, உலகில் மூன்று மட்டுமே அறியப்பட்டவை. அப்படிப்பட்ட காசு தொடக்கத்தில் அடிக்கப்பட்டது என்று பழைய விசாரணை வாக்குமூலத்தில் குறிப்பு இருந்தும், காசு கண்ணில் படாததால் ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். கடலிலிருந்து வந்த காசு அந்த ஐயத்தைத் தீர்த்தது.

இங்குதான் நியாயத்தை இரு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. சேகரிப்பாளர்கள் வெறும் பணக்காரப் பொழுதுபோக்காளர்கள் அல்லர். எழுத்து எழுத்தாக, அலை அலையாக ஒப்பிட்டு, எந்த அச்சு எப்போது மாறியது என்று பட்டியலிட்டவர்களில் பலர் அவர்களே. அந்த மூன்று காசுகளின் அருமையைப் புரிந்து விலை கொடுத்தவர்களும் அவர்களே. ஆனால் அதே விற்பனையில் கப்பலின் பெயர் தொலைந்தது. காசு பெட்டியில் இருந்ததா, பயணியின் இடுப்புப் பையில் இருந்ததா, அருகில் வேறு என்ன கிடந்தது என்ற விவரமும் தொலைந்தது. காசைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. கப்பலைப் பற்றிய பல கேள்விகள் விடையின்றிப் போயின.

கையை நீட்டும் நான்கு பேர்

கடலடி வெள்ளி கரையேறியதும் நான்கு தரப்பினர் கையை நீட்டுகிறார்கள்.

முதல் தரப்பு, தேடிக் கண்டவர். 1622 செப்டம்பரில் புளோரிடா அருகே மூழ்கிய 'அடோச்சா' கப்பலை மெல் பிஷர் 16 ஆண்டுகள் தேடினார். தேடலின் நடுவே, 1975 ஜூலையில் படகு கவிழ்ந்து அவருடைய மகன், மருமகள், இன்னொரு முக்குளிப்பாளர் ஆகிய மூவர் இறந்தார்கள். சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1985 ஜூலை 20ஆம் தேதி, வெள்ளிப் பாளங்களும் நாணயப் பெட்டிகளும் குவிந்திருந்த இடம் கிடைத்தது. அதற்கு முன்பே, மாநில அரசுடன் நடந்த வழக்கில் 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. உயிரையும் பணத்தையும் பணயம் வைத்தவருக்குப் பலன் வேண்டாமா என்பது இந்தத் தரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தகைய வழக்குகளுக்குப் பின், கரையோரக் கடலடியில் புதைந்த கைவிடப்பட்ட கப்பல்களின் உரிமையை மாநிலங்களுக்கு வழங்கும் சட்டத்தை அமெரிக்கா நிறைவேற்றியது.

இரண்டாம் தரப்பு, கொடி பறந்த நாடு. 1804 அக்டோபரில் பிரிட்டிஷ் கப்பல்கள் தாக்கியதில் 'மெர்சிடீஸ்' என்ற ஸ்பானியக் கப்பல் போர்ச்சுகல் அருகே வெடித்து மூழ்கியது. 2007இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அதிலிருந்து ஏறத்தாழ 6 லட்சம் நாணயங்களை, சுமார் 17 டன் எடையளவுக்கு, எடுத்து விமானத்தில் புளோரிடாவுக்குக் கொண்டுபோனது. ஸ்பெயின் வழக்குத் தொடுத்தது. 'அது எங்கள் கடற்படைக் கப்பல். மூழ்கினாலும் எங்களுடையதே' என்பது அதன் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. 2012 பிப்ரவரியில் இரண்டு இராணுவ விமானங்களில் அத்தனை காசும் ஸ்பெயினுக்குத் திரும்பின. அந்த வெள்ளி தன் மண்ணிலிருந்து போனது என்று பெரு நாடு எழுப்பிய கோரிக்கை எடுபடவில்லை.

மூன்றாம் தரப்பு, கடலோர நாடு. 'சான் ஹோசே' விவகாரத்தில் கொலம்பியா இந்த இடத்தில் நிற்கிறது. 2015இல் கப்பலைக் கண்டுபிடித்ததாக அறிவித்த அந்நாடு, 2024இல் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பகுதியாக்கியது. 1980களிலேயே இடத்தைக் கண்டோம் என்று கூறும் ஓர் அமெரிக்க நிறுவனம், 1,000 கோடி அமெரிக்க டாலர் கேட்டு அனைத்துலக நடுவர் மன்றத்தை நாடியுள்ளது. மூன்றே மூன்று நாணயங்களை மட்டும் மேலே கொண்டு வந்ததன் பொருள் இப்போது புரியும். 'நாங்கள் புதையல் அள்ளவில்லை. ஆய்வு செய்கிறோம்' என்று கொலம்பியா உலகத்துக்குச் சொல்கிறது. உரிமை கோருபவர்களின் காதிலும் அது விழத்தான் செய்யும்.

நான்காம் தரப்பு பற்றிச் செய்திகளில் ஒரு வரிதான் வரும். பொலிவியாவின் காரா காரா பூர்வகுடியினர், 'சான் ஹோசே' வெள்ளியில் தங்களுக்கும் உரிமை உண்டு என்கிறார்கள். தங்கள் முன்னோரைக் கட்டாயப்படுத்திச் சுரங்கத்தில் இறக்கி எடுக்கப்பட்ட வெள்ளி அது என்பது அவர்கள் சொல்லும் காரணம். சட்டப் புத்தகத்தில் இந்த வாதத்துக்கு வலு குறைவு. கண்டவருக்குச் சட்டம் உண்டு, கொடிக்குச் சட்டம் உண்டு, கடலுக்குச் சட்டம் உண்டு. வெட்டியெடுத்தவருக்கென்று சட்டம் இல்லை. ஆனால் நியாயத் தராசில் வைத்தால் நான்கில் இதுவே கனமான வாதம்.

'சான் ஹோசே' மூழ்கியபோது அதிலிருந்த சுமார் 600 பேரில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே என்பதையும் இங்கு சேர்த்துச் சொல்ல வேண்டும். புதையல் என்று எழுதப்படும் இடம் ஒரு கல்லறையும்கூட.

மலாக்கா நீரிணையிலும் இதே வழக்கு

இந்தச் சிக்கல் நம் வாசலுக்கும் வந்திருக்கிறது. சீனாவிலிருந்து இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'டயானா' என்ற வணிகக் கப்பல் 1817 மார்ச்சில் மலாக்கா அருகே மூழ்கியது. மலேசிய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு மீட்பு நிறுவனம் 1990களில் அதிலிருந்து சுமார் 24,000 பீங்கான் பொருள்களை எடுத்தது. அவற்றில் பெரும்பகுதி 1995இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏலம் போனது. பங்கில் தகராறு வந்தது. நிறுவனம் உலக வங்கியின் முதலீட்டுத் தகராறு மன்றம்வரை போனது. கப்பல் மீட்பு என்பது 'முதலீடு' ஆகுமா என்பதே அங்கு வழக்கானது. ஆகாது என்று 2007இல் வந்த முடிவு 2009இல் ரத்தானது. ஒரு பழைய கப்பல், நாட்டை அனைத்துலக நடுவர் மன்றம்வரை இழுத்துவிட்டது.

இன்று மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. நாட்டின் கடற்பகுதியில் நீரடித் தொல்பொருளைக் காண்பவர் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் மீட்பு வேலையில் இறங்கக் கூடாது. வலையில் பழங்காசு சிக்கிய மீனவருக்கும், விடுமுறையில் முக்குளிக்கப் போன இளைஞருக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரிலும் பெட்ரா பிராங்கா அருகே கண்டுபிடிக்கப்பட்ட இரண்டு கப்பல் சிதைவுகள் தொல்லியல் முறைப்படியே அகழப்பட்டு, 2021இல் விவரங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, சீனாவிலிருந்து இந்தியா திரும்பும் வழியில் 1796இல் மூழ்கிய 'ஷா முன்ச்சா' என்று கருதப்படுகிறது. அந்தப் பொருள்கள் ஏலத்துக்குப் போகவில்லை.

வாங்க நினைப்பவர் கேட்க வேண்டியவை

பழைய காசு சேர்ப்பது குற்றமன்று. நல்ல பழக்கம் என்றும் சொல்லலாம். ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு வரலாறு படிக்கும் பிள்ளை அதை எளிதில் மறக்காது. சட்டப்படி மீட்கப்பட்டு விற்கப்பட்ட 'அடோச்சா' காசுகளும், 1715 கப்பல்களின் காசுகளும் சந்தையில் உண்டு. ஆனால் வாங்குவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்.

முதலாவது, எந்தக் கப்பல், எப்போது, யாரால் மீட்கப்பட்டது? 'கடலில் கிடைத்தது' என்பது பதில் ஆகாது. 'அடோச்சா' காசுகளுக்கு எண்ணிட்ட சான்றிதழ் உண்டு. உப்பு எவ்வளவு அரித்தது என்பதைப் பொறுத்து அவை தரம் 1 முதல் 4 வரை பிரிக்கப்பட்டன. சான்றிதழில் உள்ள படமும் கையில் உள்ள காசும் ஒன்றுதானா என்று வெடிப்பு வெடிப்பாக ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, இதேபோல இன்னொன்று விற்பவரிடம் உண்டா? முன்பு சொன்னதுபோல, கையால் அடித்த காசுகள் இரண்டு ஒன்றுபோல இருக்கா. ஒரே வடிவம், ஒரே வெடிப்பு, ஒரே தேய்மானத்தோடு இரண்டு காசுகள் இருந்தால் அவை அச்சில் ஊற்றி வார்க்கப்பட்டவை. மேற்பரப்பில் குமிழி விட்டதுபோல் சிறு குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தெரிந்தால் ஐயமே வேண்டாம். காந்தம் ஒட்டினால் அது வெள்ளியே அன்று.

மூன்றாவது, எடை. எட்டு ரெயால் காசு 27 கிராம் அளவில் இருக்க வேண்டும். கடல் அரித்திருந்தால் இன்னும் குறையும். கடலிலிருந்து வந்தது என்று சொல்லப்படும் காசு அதைவிட நன்றாகக் கனத்தால், எதனால் என்று கேளுங்கள்.

நான்காவது, தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். கடலடியில் வெள்ளி கறுத்து, மேலே கல்போலப் படிவம் ஏறும். அதை நீக்குவது ஆய்வுக்கூடத்து வேலை. வீட்டில் புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு பளிச்சிடும். காசில் இருக்கும் எழுத்தோ அழிந்துபோகும்.

ஐந்தாவது, அவசரத்துக்கு விற்கலாம் என்று நம்பி வாங்காதீர்கள். அடகுக் கடையிலும் நகைக்கடையிலும் இதை வெள்ளி எடைக்குத்தான் பார்ப்பார்கள். கொடுத்த விலைக்கும் எடை விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தங்கச் சங்கிலிபோல ஆபத்துக்கு உதவும் பொருளன்று இது. காசின் கூடுதல் விலை முழுவதும் அதன் கதைக்கான விலை. கதைக்கு ஆதாரம் இல்லை என்றால் விலைக்கும் ஆதாரம் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் சேகரிப்பாளருக்கும் தொல்லியலாளருக்கும் இடையே இருக்கும் சண்டையைத் தீர்க்கும் வழியும் இருக்கிறது. காசு எங்கிருந்து வந்தது என்ற விவரமே ஆய்வாளருக்கு வேண்டியது. வாங்குபவரின் பணத்தைக் காப்பதும் அதே விவரம்தான். 2015இல் புளோரிடாவில் 1715 கப்பல்களின் சிதைவிலிருந்து எடுக்கப்பட்ட 101 தங்க நாணயங்களில் 50 கணக்கில் காட்டப்படாமல் மறைக்கப்பட்டன. அவற்றில் 37ஐ அதிகாரிகள் 2024இல்தான் மீட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் மறைக்கப்பட்டவற்றில் சில கைமாறியும் இருந்தன. 'எங்கிருந்து வந்தது?' என்று கேட்காமல் காசை எடுத்து நீட்டும் ஆள் இருக்கும்வரை, மறைத்து விற்பவரும் இருப்பார்.

மூன்று காசும் ஒரு சொல்லும்

1791இல் பினாங்குக்காகக் கெடா சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் தருவதாகக் கிழக்கிந்திய நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1819 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் சுல்தான் ஹுசேனுக்கு ஆண்டுக்கு 5,000, தெமெங்கோங்குக்கு 3,000 என்று எழுதப்பட்டதும் ஸ்பானிய டாலர் கணக்கில்தான். அந்தக் காசின் பல்பல்லான விளிம்பைப் பார்த்து மலாய்க்காரர்கள் வைத்த பெயர் ரிங்கிட். 1975இல் அதுவே மலேசிய நாணயத்தின் அதிகாரப்பூர்வப் பெயரானது. தமிழர்கள் உலோகத்தைப் பார்த்து 'வெள்ளி' என்றார்கள். 'மெர்சிடீஸ்' கப்பலோடு மூழ்கியதும் ஏறக்குறைய அதே காலத்து ஸ்பானிய வெள்ளிதான். ஒரு பங்கு கடலுக்குள் போனது. ஒரு பங்கு பினாங்குக் கடைத்தெருவுக்கு வந்தது.

ஆகவே கொலம்பியாவின் மூன்று நாணயங்களைப் பற்றிய செய்தியை நம்மவர் அந்நியமாகப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், 'வெட்டியெடுத்தவனுக்கு என்ன பங்கு?' என்ற காரா காரா மக்களின் கேள்வி நீதிமன்றத்தோடு முடிந்துவிடாது. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே வைக்கப்படும் விவரப் பலகையில் மன்னர் பெயரோடு, கப்பல் பெயரோடு, பொத்தோசியில் இறக்கிவிடப்பட்டவர்களைப் பற்றியும் இரண்டு வரி இருக்குமா என்பதில்தான் அதற்கான பதில் தெரியும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இந்நாட்டில், நம் முன்னோர் உழைத்த இடங்களுக்கும் அதே இரண்டு வரி தேவைப்படுகிறது.